இரண்டு பொட்டலத்திலும் வெள்ளைப் பூ வைத்தவள் நான்

எங்கள் குலதெய்வம் பொன்காளியம்மன் எனக்குச் செய்ததைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் நடந்ததை நினைத்தால் இன்னும் கோபம் அடங்கவில்லை. அந்தக் கல்லூரி மேல் கோபம். என் மேல் அதைவிடக் கோபம். அந்தக் கோபத்தோடேயே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு பள்ளியில் ஆய்வக உதவியாளராக இருக்கிறேன். கணவர் போர்வெல் வண்டியோடு வடக்கே போனால் திரும்பி வர மாதக்கணக்காகும். வீட்டில் நானும் மகள் நிவேதாவும்தான். அவளுக்கு இயற்பியல் என்றால் உயிர். சென்ற ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் கோயமுத்தூரில் ஓர் அரசுக் கல்லூரியில் பி.எஸ்ஸி. இயற்பியலுக்கு இடம் கிடைத்தது. விடுதியில் தங்க வேண்டும். எனக்குப் பயம். பக்கத்திலேயே ஒரு தனியார் கல்லூரி இருந்தது. அதன் பேருந்து எங்கள் தெருமுனைக்கே வரும். அங்கே சேர் என்றேன். மாட்டேன் என்றாள். இரண்டு நாள் சண்டை. கடைசியில், அம்மனிடம் பூக் கேட்போம் என்றேன். அதற்கு ஒப்புக்கொண்டாள்.

பூக் கேட்பது எப்படி என்று உங்களில் பலருக்குத் தெரியும். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒன்றில் செவ்வரளி. ஒரே மாதிரி மடித்து அம்மன் காலடியில் வைத்து, கேட்க வேண்டியதைக் கேட்டு, ஒன்றை எடுப்போம். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. எங்கள் குடும்பத்தில் கிணறு வெட்டியதும் என் கல்யாணம் முடிந்ததும் அப்படித்தான். பொட்டலம் மடித்தது நான். இரண்டிலும் வெள்ளை நந்தியாவட்டையையே வைத்தேன். உள்ளூர்க் கல்லூரியில் சேரட்டுமா என்று கேட்டு, நிவேதாவையே எடுக்கச் சொன்னேன். பிரித்தாள். வெள்ளை. குங்குமம் இட்டுக்கொண்டாள். மீதிப் பொட்டலத்தை வேறு யாரும் பிரிக்கும்முன் எடுத்து வந்து வாய்க்காலில் போட்டேன்.

அந்தக் கல்லூரியில் அந்த வருடம் முழுக்க இயற்பியல் ஆய்வகத்தைத் திறந்தது நாலைந்து நாள். பாடம் நடத்தியவர் பாதியில் போய்விட்டார், அப்புறம் ஆள் போடவில்லை. புத்தகத்தைப் பார்த்துத் தானாகவே படித்து, முதல் பருவத்தில் கல்லூரியிலேயே அதிக மதிப்பெண் வாங்கினாள். உடனே எங்களை ஒரு வார்த்தை கேட்காமல் அவள் படத்தைப் பெரிய ஃபிளெக்ஸாக அடித்து வாசலில் கட்டினார்கள்.

தை மாதம் வகுப்புப் பையனிடம் நோட்டு வாங்கினாள் என்று காலையிலிருந்து மாலை வரை அலுவலக வாசலில் நிற்க வைத்தார்கள். இனி ஆண்களோடு பேசமாட்டேன் என்று எழுதி வாங்கினார்கள். என்னை வரவழைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி அதை வாசிக்கச் சொன்னார்கள். நான் வாசித்தேன். மன்னிப்பும் கேட்டேன். என்ன தப்புக்கு? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அன்றோடு நிவேதா பேச்சை நிறுத்தினாள். 'சரி', 'வேண்டாம்', இவ்வளவுதான். சோறு பாதி அப்படியே இருக்கும். மருத்துவர், உடம்பில் ஒன்றுமில்லை, அந்த இடத்திலிருந்து இவளை முதலில் வெளியே கொண்டு வாருங்கள் என்றார். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, இந்தக் கல்லூரி வேண்டாம், வேறு பார்ப்போம் என்றேன்.

"அம்மன் சொன்ன எடமில்லையாம்மா. எனக்கு இதுதான்னு இருக்குது. உடு."

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

எங்கள் பள்ளி இயற்பியல் ஆசிரியை, இரண்டாம் ஆண்டில் வேறு பல்கலைக்கழகத்துக் கல்லூரிக்கு மாறலாம், காலியிடம் இருக்க வேண்டும், அவ்வளவுதான் என்றார். வைகாசியில் நானே கோயமுத்தூர் போனேன். அவளுக்கு முதலில் கிடைத்த அதே கல்லூரி. ஒரு பெண் படிப்பை விட்டுப் போனதில் ஓர் இடம் காலி. பாடத்திட்டம் வேறு என்பதால் விட்டுப்போன இரண்டு தாள்களை எழுதிக்கொள்ளலாம், அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் டிசியும் தடையில்லாச் சான்றும் கொண்டு வாருங்கள் என்றார்கள்.

இங்கே வந்து உள்ளூர்க் கல்லூரி முதல்வரிடம் கேட்டால் சிரிக்கிறார். ரேங்க் எடுக்கிற பெண்ணை எந்தக் கல்லூரியாவது விடுமா என்கிறார். மறுநாளும் போனேன். அன்று அவர் சொன்னதை என் சாவு வரை மறக்கமாட்டேன்.

"கோயமுத்தூர்ல ஆரு இருக்காங்க? அதை மொதல்ல உங்க பொண்ணுகிட்டக் கேளுங்க."

மறுபடியும் டிசியைக் கேட்டேன். கடைசியில், பெண் தானாக வந்து தன் கையால் எழுதிக் கொடுத்தால் பார்க்கலாம் என்றார். அவள் வாய் திறக்கமாட்டாள் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். திறக்காமல் செய்ததே அவர்கள்தானே.

கணவருக்குப் போன் செய்தேன். அம்மன் கொடுத்த வாக்கை மீறுவதா, இன்னும் இரண்டு வருடம்தானே, பல்லைக் கடித்துக்கொள்ளச் சொல் என்றார். அவருக்கும் தெரியாதே.

செவ்வாய்க்கிழமை உச்சிப்பொழுதில் கோயிலுக்குப் போனேன். பூசாரி சாப்பிடப் போயிருந்தார். கற்பூரம் ஏற்றவில்லை. கை கூப்பவில்லை. அம்மனைப் பார்த்துக் கத்தினேன்.

"பாத்துட்டுத்தான இருந்தே? பொய்ப் பொட்டலம் வெச்ச கையை அன்னிக்கே முறிச்சிருக்கலாமில்ல? செஞ்சவ நானு. என் புள்ளையை ஏன் போட்டு வாட்டறே?"

கத்திக் கத்திக் கீழே உட்கார்ந்துவிட்டேன். பிறகு கேட்டேன். டிசியைக் கூடக் கேட்கவில்லை. அவள் வாயைத் திறந்து விடு, என்னையே திட்டட்டும், எனக்குச் சொல்ல மட்டும் தைரியம் கொடு என்று கேட்டேன்.

வீட்டுக்கு வந்தபோது துணி மடித்துக்கொண்டிருந்தாள். செருப்பைக் கழற்றாமலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஒரு நிமிடம் தாமதித்தாலும் சொல்லமாட்டேன் என்று தெரியும்.

"ரெண்டுலயுமா?" என்றாள்.

"ரெண்டுலயும்தான், சாமி."

கையிலிருந்த துணியைத் தரையில் அடித்தாள். "ஒரு வருசமா நான் அம்மனைத் திட்டுனேன்மா. தெனமும் திட்டுனேன். நீ பக்கத்துல உக்காந்து சோறு போட்டுட்டு இருந்தே."

அதற்கப்புறம் அவள் கத்தியது தெரு முழுக்கக் கேட்டது. எதிர்வீட்டு அக்கா ஓடி வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். தை மாதத்துக்குப் பிறகு என் மகள் குரலை அன்றுதான் முழுசாகக் கேட்டேன். அழுதுகொண்டே, கொடுத்துவிட்டாய் தாயே என்று உள்ளுக்குள் கும்பிட்டேன்.

மறுநாள் காலை அவளே கிளம்பினாள். நீ வந்தாலும் சரி, வராட்டியும் சரி என்றாள். கல்லூரியில் சேர்க்கை நடக்கிற நேரம். தாழ்வாரம் முழுக்கப் பெற்றோர். முதல்வர் அறைக்குள் போய், கடிதத்தை மேசையில் வைத்து, நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். உட்காரச் சொல்லவில்லையே என்றார் அவர்.

"தை மாசமே நின்னு முடிச்சுட்டனுங்க சார்."

அவர் என்னைப் பார்த்தார். அவள்தான் பேசினாள். "வெளிய உக்காந்திருக்கறவங்க எல்லாம் என்ற போட்டோவைப் பாத்துட்டுத்தானுங்க உள்ள வாராங்க. டிசி குடுக்கற வரைக்கும் அதுக்குக் கீழயே நிக்கறனுங்க. லேப்பு எத்தனை நாள் தொறந்தீங்கன்னு கேக்கறவங்களுக்குச் சொல்லோணுமில்லீங்களா."

கதவு திறந்தே இருந்தது. எடப்பாடிப் பக்கத்துக்காரர் ஒருவர், மகளைச் சேர்க்க வந்தவர், தலையை நீட்டினார். "ஏனுங்க, இங்க லேப்பு இல்லீங்களா?"

மதியத்துக்குள் இரண்டு காகிதத்திலும் கையெழுத்து விழுந்தது. வெள்ளிக்கிழமை கோயமுத்தூரில் சேர்ந்தாள்.

எனக்குக் கிடைத்தது இதுதான். நான் கேட்டது கிடைத்தது, கேட்காததும் சேர்ந்து கிடைத்தது. ஆடியில் பங்காளிகள் எல்லோரும் கோயிலில் கூடியபோது எழுந்து நின்று, நான் செய்ததைச் சொன்னேன். கணவர் பத்து நாள் பேசவில்லை. பரவாயில்லை. இப்போது எதையும் நானே முடிவு செய்துவிட்டு அம்மன் பேரைச் சொல்வதில்லை. அவளிடம் போனால் ஒளிக்காமல் பேசுகிறேன். நீங்களும் போங்கள். சாந்தமாகத்தான் போக வேண்டும் என்றில்லை. கோபமாக இருந்தால் கோபமாகவே போங்கள். பொய்யோடு மட்டும் போகாதீர்கள். அவள் கேட்பாள்.

நிவேதா இன்னும் என்னை மன்னிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் செய்கிறாள். பாதி நேரம் திட்டு, பாதி நேரம் ஆய்வகத்தில் என்ன செய்தாள் என்பது. போன வாரம், இனி நீ எதைச் சொன்னாலும் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் நம்புவேன் என்றாள்.

"அப்படியே செய்யி சாமி" என்றேன்.