செவ்வாய்க்கிழமைச் சீற்

அம்மாவின் இடுப்பில் சண்டை நேரம் பட்ட ஒரு ஷெல் துண்டு இருக்கிறது. அதை எடுக்கப்போனால் கால் விளங்காமல் போகும் என்று டொக்டர்மார் அப்படியே விட்டுவிட்டார்கள். அரை மணித்தியாலத்துக்கு மேல் அவரால் உட்கார்ந்திருக்க முடியாது. நிற்பார், அல்லது படுப்பார். ஒட்டுசுட்டானிலிருந்து முல்லைத்தீவுக்குப் பஸ்ஸில் போனாலும் கம்பியைப் பிடித்தபடி நின்றுதான் போவார்.

அண்ணன் ரொறொன்ரோவில். சிறுநீரகம் இரண்டும் பழுதாகி, கிழமைக்கு மூன்று தரம் இரத்தம் சுத்திகரிக்கிற மெஷினோடு படுக்கவேண்டும். அதனால் அவர் இங்கே வர வழியில்லை. அம்மாவுக்கு விசா கிடைத்திருந்தது, ஆனால் ஒரு நாள் முழுக்க இருந்து போக அந்த இடுப்பு விடாது. கால் நீட்டிப் படுத்துப் போகிற பிஸ்னஸ் கிளாஸ் சீற் வேண்டும். எங்கள் வயலை விற்றாலும் அந்த ரிக்கெற் வராது.

அண்ணனிடம் இருந்தது பொயின்ற்ஸ். பால் வாங்கினாலும் வாகனத்துக்குப் பெற்றோல் அடித்தாலும் ஒரு விமானக் கொம்பனியின் கார்ட்டையே இழுத்து வருடக்கணக்காகச் சேர்த்தவை. அந்த விமானக் கொம்பனி கொழும்புக்கு வராது. அதனோடு கூட்டுச் சேர்ந்த வேறு கொம்பனிகள் வரும். இவர்களுடைய பொயின்ற்ஸைக் கொடுத்து அவர்களுடைய சீற்றை எடுக்கலாம். பங்காளி விமானம் என்று நான் பகிடியாகச் சொல்வேன். குணமும் பங்காளிக் குணம்தான். தனக்கு விற்றுமுடியாத சீற் ஒன்றிரண்டை எப்போதாவது திறந்துவிடும், கண்ணை மூடித் திறப்பதற்குள் அது போய்விடும். மெஷினில் படுக்கிற நாட்களில் தன்னால் தேட முடியாதென்று, தேடுகிற வித்தையை அண்ணன் எனக்கும் பழக்கியிருந்தார். வரம்பில் நின்று தண்ணீர் கட்டிக்கொண்டே ஃபோனில் கொழும்பு–ரொறொன்ரோ தேடின கமக்காரன் இந்த வன்னியில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஏழு மாதம் ஒன்றுமில்லை. பிறகு ஒருநாள் விடிய அண்ணன் ஃபோன் எடுத்தார். ஒரேயொரு சீற் திறந்திருக்கிறதாம், பன்னிரண்டு நாளில் பயணம், முழுத்தூரமும் படுக்கை. "பிடிக்கட்டோ?" என்று கேட்டார். அவர் குரலில் அவ்வளவு சந்தோசத்தை நான் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

நான் சுவரில் தொங்கின கலண்டரைப் பார்த்தேன். பயண நாள் செவ்வாய்க்கிழமை. போதாததற்கு அட்டமி. அட்டமியில் தொட்டது துலங்காது என்பார்கள்.

எனக்கு அதில் பெரிய நம்பிக்கை கிடையாது. விதைப்புக்குக்கூட மழையைத்தான் பார்ப்பேன், நாளைப் பார்ப்பதில்லை. நான் பயந்தது சனத்துக்கு. ஆகாயத்தில் அம்மாவுக்கு ஏதாவது நடந்தால், அட்டமியில் தாயை ஏற்றி அனுப்பினவன் என்று நான் சாகும்வரை சொல்லுவார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட ஏலுமா?

"அண்ணை, அண்டைக்கு அட்டமி. புதன், வியாழனில ஒண்டு வரும்தானே, பொறுத்துப் பாப்பம்" என்றேன். அண்ணன் சரி என்றார். அவரும் எங்கள் வீட்டில் வளர்ந்தவர்தானே.

மத்தியானம் நானே தேடிப் பார்த்தேன். சீற் போய்விட்டது. கிழமை பார்க்காத எவனோ அதில் காலை நீட்டிப் படுத்துப் போயிருப்பான். முகம் தெரியாத அவன்மேல் எனக்கு இன்றைக்கும் வயிற்றெரிச்சல்.

புதனும் வரவில்லை, வியாழனும் வரவில்லை. அடுத்த மாரிகாலத்துக்குள் அண்ணன் செத்துப்போனார். செத்தவீட்டை அம்மா நின்றபடியே என் ஃபோனில் பார்த்தார். அவருக்குக் கை உளையும் என்று ஃபோனை நான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்தபிறகு அண்ணி ஃபோன் எடுத்தார். அண்ணனின் பொயின்ற்ஸைத் தன் பெயருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார்களாம், ஆண்டுத் திவசத்துக்கு அம்மாவைக் கூப்பிடலாமாம். குறை சொல்லவென்று இல்லை, அழுகையோடு அழுகையாக வந்துவிட்டது: அந்தச் செவ்வாய்க்கிழமைச் சீற்றை எடுத்திருந்தால் தாயின் முகத்தைப் பார்த்துவிட்டுப் போயிருப்பார் என்றார். நான் ஃபோனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன்.

அது என்ன சீற் என்று அம்மா கேட்டார். சொன்னேன். அட்டமி, சனத்தின் கதை, எல்லாவற்றையும் சொன்னேன். அம்மாவிடம் அண்ணன் என்னைக் காட்டிக்கொடுக்கவேயில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

"செல்லடிக்குள்ளால உங்களை இழுத்துக்கொண்டு ஓடேக்க நான் கிழமை பாத்தனானோ?" என்றார் அம்மா. சத்தம் போடவில்லை. "என்னை ஒருக்கால் கேட்டிருக்கலாமே, தம்பி."

கேட்கவில்லை. அண்ணன் எடுத்த அந்த விடியலில் அம்மா குசினியில் நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கதவுக்கு இந்தப் பக்கம் நின்ற நான், அவருடைய காதில் விழுந்துவிடக்கூடாதென்று குரலைத் தாழ்த்தித்தான் கதைத்தேன்.