முந்தானையில் முடிந்து வைத்த சிம்

“...அதனால நீ தாராளமா தொடச்சுக்கோ கண்ணு. அவருதான் இதுல பத்திரமா இருக்காரே” என்று சொல்லி, அந்த அம்மா சிம் கார்டை முந்தானை முனையில் வைத்து மூன்று முடிச்சுப் போட்டார்.

இது நடந்து இரண்டு வருடம் இருக்கும். ஒடுகத்தூர் பஸ் ஸ்டாண்டை ஒட்டின சந்தில் என் செல்போன் ரிப்பேர் கடை. நான் எந்தப் படிப்பும் படித்து இந்த வேலைக்கு வரவில்லை. வீட்டில் கெட்டுப்போன போன்களைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தே கற்றுக்கொண்டேன். ஜவ்வாது மலையிலிருந்து இறங்குகிற பஸ்ஸில் வருகிறவர்கள் பாதிப்பேர் என் கடைக்குத்தான் வருவார்கள், நானும் பெண் என்பதால் பெண்கள் கூச்சமில்லாமல் உட்கார்ந்து பேசுவார்கள்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. வருகிறவர்கள் சொல்வதில் நல்லதாக ஒன்று விழுந்தால் மனதில் பிடித்து வைத்துக்கொள்வேன். ஒரு பெரியவர் பேட்டரியைப் பற்றி, “ஒரு பீடி முடியறதுக்குள்ள செத்துப்போவுதும்மா” என்றார். இன்னொருவர், “எங்க ஊர்ல டவரு மருமவன் மாதிரி. நெனச்சா வரும், வந்த வேகத்துல போயிடும்” என்றார். இதையெல்லாம் அடுத்து வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பேன். கடையில் கூட்டம் இருப்பதற்கு என் வேலையைவிட இந்த வாய்தான் காரணம் என்று என் வீட்டுக்காரர் சொல்வார்.

அன்றைக்கு அந்த அம்மா கொண்டு வந்த போனில் கம்பெனிப் பெயர் வந்து நிற்கும், அணையும், மறுபடி பெயர் வந்து நிற்கும். அதற்கு மேல் போகவில்லை. “ரீசெட் போடணும்மா. உள்ள இருக்கறது எல்லாமே போயிடும். வேண்டியத எடுத்து வெச்சுட்டீங்களா?” என்று கேட்டேன். கேட்டேன் என்பதை இன்றைக்கும் மறுக்கவில்லை. எல்லோரிடமும் கேட்கிற மாதிரி, அடுத்த போனின் ஸ்க்ரூவைக் கழற்றிக்கொண்டே கேட்டேன்.

அதற்குத்தான் அவர் சிம்மைக் கழற்றித் தரச்சொல்லி வாங்கி, முடிந்துகொண்டு, அப்படிச் சொன்னார். வீட்டுக்காரர் நம்பர் அதில் இருக்கிறது என்கிறார் போல என்று எடுத்துக்கொண்டேன். புருஷனை முந்தானையில் முடிந்துகொண்டு போகிற அம்மா என்று எனக்கு ஒரே சிரிப்பு. அவர் என்ன சொன்னார் என்று யோசிக்கவில்லை. எவ்வளவு அழகாகச் சொன்னார் என்று மட்டும் பார்த்தேன்.

பவர் பட்டனையும் வால்யூம் பட்டனையும் சேர்த்து அழுத்தினேன். எல்லாவற்றையும் அழிக்கலாமா என்று திரை கேட்டது. சரி என்றேன். நாலு நிமிஷம்கூட ஆகவில்லை. அழிக்காமல் சாப்ட்வேரை மட்டும் புதிதாக ஏற்றிப் பார்க்கிற வழியும் உண்டு. கம்ப்யூட்டரில் மாட்டி அரை நாள் உட்கார வேண்டும், அதுவும் எல்லாப் போனுக்கும் பலிக்காது. அவருக்கு மலை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, எனக்கும் வேலை கிடந்தது.

அவர் போனதும் அடுத்து வந்தவரிடம், “இப்ப ஒரு அம்மா இன்னா சொன்னாங்க தெரியுமா?” என்று ஆரம்பித்துவிட்டேன்.

எட்டு நாள் கழித்து மறுபடியும் வந்தார். கூடவே கழுத்தைச் சுற்றித் துண்டு கட்டின ஒரு பெரியவர். அந்த அம்மா முதலில் ஒரு பொட்டலத்தை எடுத்து மேஜையில் வைத்தார். மலைப்புளி. “வெறுங்கையோட வரக்கூடாதுன்னு கொண்டாந்தேன். கண்ணு, சிம்மப் போட்டுட்டேன், பேசறது எல்லாம் பேசுது. ஆனா அவரு கொரல மட்டும் காணோம். எங்க போயி அழுத்தணும்னு காட்டிக்குடு” என்றார்.

எனக்குப் புரியவில்லை. பெரியவரைப் பார்த்தேன். அவர் துண்டைக் கொஞ்சம் விலக்கிக் காட்டினார். தொண்டைக் குழியில் ஒரு ஓட்டை.

அந்த அம்மா சொல்லச் சொல்லத்தான் எனக்கு விஷயம் புரிந்தது. அவர் வீட்டுக்காரரான அந்தப் பெரியவருக்குத் தொண்டையில் கட்டி. ஆபரேஷன் செய்தால் உயிர் நிற்கும், குரல் நிற்காது என்று டாக்டர்கள் முன்பே சொல்லிவிட்டார்கள். கேரளாவில் மிளகுத் தோட்ட வேலைக்குப் போயிருந்த மகள் ஓடி வந்து, ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிற காலையில் அப்பாவை வாசலில் நிற்க வைத்து, மாட்டைக் கூப்பிடச் சொல்லி அந்தப் போனில் பதிந்து வைத்தாள். அவர்களுக்கு நாலு மாடு. பகலெல்லாம் காட்டோரம் மேயும், சாயந்திரம் அவர் குரல் கேட்டால்தான் திரும்பும். ஆபரேஷனுக்குப் பிறகு ஒன்றரை வருடமாக, மகள் வாங்கிக் கொடுத்த சின்ன ஸ்பீக்கரில் அந்தக் குரலைப் போட்டுத்தான் மாடுகளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். இந்த எட்டு நாளாகக் காட்டுக்குள் தேடிப் போய் ஓட்டி வருகிறார்கள்.

“முன்னாடி இருக்கற கூப்பாடு மாட்டுக்கு. கடைசியில ‘போதுமா?’ன்னு மவளக் கேப்பாரு. அது எனக்கு” என்றார் அந்த அம்மா.

நான் என்னென்னவோ செய்தேன். தூக்கிப்போட்டதைத் தேடி எடுக்கிற சாப்ட்வேர் என்று இருக்கிறதையெல்லாம் ஓட்டினேன். வேலூரில் எனக்குத் தெரிந்த ஒருவரிடம் போனை எடுத்துக்கொண்டு ஓடினேன். அவர் கையில்கூட வாங்காமல், “இப்ப வர்ற போன்ல எல்லாத்தயும் பூட்டித்தான் வெச்சிருப்பான். ரீசெட் போட்டா அந்த சாவியவே அழிச்சிடுவான். உள்ள கெடந்தாலும் தொறக்க வழி கெடையாதுக்கா” என்றார். கூகுள் கணக்கில் ஏறியிருக்குமோ என்று பார்த்தேன். போட்டோவைக் கணக்கில் சேமித்து வைக்கிற ஏற்பாடுகூட வைஃபை வந்தால்தான் மேலே ஏற்றுவேன் என்று காத்துக்கொண்டிருந்தது. அந்தப் போன் பிறந்ததிலிருந்து வைஃபை கண்டதில்லை. மகளுக்குப் போன் போட்டேன். “நான் அனுப்பிக்கவே இல்லீங்கக்கா. அம்மா கிட்ட இருக்குதுல்லன்னு விட்டுட்டேன்” என்றாள்.

சிம்மில் பெயரும் நம்பரும்தான் நிற்கும், குரல் நிற்காது என்று நான் அந்த அம்மாவிடம் சொன்னபோது, அவர் என்னைத் திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும். “பேசறது எல்லாம் இது வழியாத்தான வருதுன்னு சொல்லுவாங்க. அதான் கொரலும் இதுலதான் இருக்கும்னு நெனச்சுட்டேன். என் தப்புத்தான்” என்றார். அந்தத் தப்பைத் தன் தலையில் எடுத்துக்கொண்டார் பாருங்கள், அதுதான் எனக்கு ஆறவில்லை.

அடுத்த ஞாயிறு மலையேறினேன். யாருடைய போனிலாவது, கல்யாணம் காட்சி என்று எடுத்த வீடியோவிலாவது அவர் குரல் விழுந்திருக்காதா என்று ஒரு நப்பாசை. பெரியவர் பஸ் நிற்கிற இடத்துக்கே வந்து நின்றார். விஷயம் தெரிந்ததும் ஊரே போனைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டது. புளியமரத்தடியில் சுற்றி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டோம்.

“இவரு பேச ஆரம்பிச்சா நாங்க எந்திரிச்சு ஓடுவமே, எவன் நின்னு வீடியோ புடிச்சான்?” என்றார் பெரியவரின் பங்காளி ஒருவர்.

“நீ வாங்கின ஏச்சு எல்லாம் பதிவாயிருந்தா ஒரு போன் பத்தாது மாமா” என்றாள் ஒரு பெண். பெரியவர் தோள் குலுங்கச் சிரித்தார். சத்தம் வரவில்லை. சிரிப்பில்கூட சத்தம் வராது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ஒரு கல்யாண வீடியோவில் அவர் வாய் அசைந்தது, பேண்டு சத்தம் எல்லாவற்றையும் விழுங்கியிருந்தது. திருவிழா வீடியோவில் முதுகு மட்டும் தெரிந்தது. இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு, யாரோ புது பைக்குக்குப் பூஜை போட்டபோது எடுத்ததில் சிக்கியது. ஆள் தெரியவில்லை. பைக்கின் மாலையை ஒரு ஆடு இழுக்கிறது. பின்னாலிருந்து, “ஏய், ஆட்டப் புடிங்கடா, மாலையத் தின்னுது” என்று ஒரு குரல். ஆறு விநாடி இருக்கும்.

எல்லோரும் சிரித்தார்கள். அந்த அம்மா சிரிக்கவில்லை. “இன்னொரு தபா போடு” என்றார். போட்டேன். எத்தனை முறை போட்டேன் என்று தெரியாது. பெரியவர் தலையைக் குனிந்து, யாரோ வெளியூர்க்காரர் பேசுவதைக் கேட்பது போலக் கேட்டுக்கொண்டிருந்தார்.

சாயந்திரம் காட்டோரம் போய் ஸ்பீக்கரில் அதையே போட்டுப் பார்த்தோம். மாடு எதுவும் வரவில்லை. ஆட்டைப் பிடிக்கச் சொன்னால் மாடு எப்படி வரும்? அந்த அம்மா ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, “மாட்டுக்கு வேணாம் கண்ணு, இது எனக்கு இருக்கட்டும். இப்ப இது எதுல இருக்குது சொல்லு. கார்டுலயா, போன்லயா?” என்று கேட்டார்.

ஒன்றரை வருடம் தெரியாமல் இருந்ததை சில நாளில் கற்றுக்கொண்டுவிட்டார். நான் கற்றுக்கொடுத்த விதம்தான் அப்படி. போனில் ஒன்று, மெமரி கார்டு போட்டு அதில் ஒன்று, மகளுக்கு ஒன்று, என் போனில் ஒன்று என்று நாலு இடத்தில் வைத்தேன். என் போனில் இன்றைக்கும் இருக்கிறது. இப்போது ரீசெட் என்று யார் வந்தாலும் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிடுகிறேன். “இதுல யாரோட கொரலாவது, மொகமாவது இருக்குதா, அது எங்க இருக்குதுன்னு நெனச்சுட்டிருக்கீங்க?” என்று முகத்தைப் பார்த்துக் கேட்கிறேன். கடையில் முன்பு மாதிரிக் கூட்டம் இல்லை, வேலை மெதுவாகிறது என்று கோபப்படுகிறவர்கள் உண்டு. ஒருவர் சொன்னதை ரசிப்பதும் ஒருவர் சொன்னதைக் கேட்பதும் ஒன்று என்று நாற்பது வயது வரை நினைத்திருந்த எனக்கு, இது கொஞ்சம் தாமதமாக வந்த புத்தி.

அன்று மலையில் பஸ்ஸுக்குக் கிளம்புவதற்கு முன் நான் ஒன்று கேட்டேன். “நீங்களே கூப்பிட்டா மாடு வராதாம்மா?”

“வராது கண்ணு. அதுங்களுக்கு என் கைய தெரியும். கறக்கறது நான்தான. கொரலுன்னா அவருதுதான்” என்றார். “நான் வாயத் தொறந்து கத்தி யாரு கேட்டது இந்த ஊர்ல.”

பெரியவர் அதைக் கேட்டுக்கொண்டே நின்றார். பிறகு அந்த அம்மாவின் பின்னால் போய் நின்று, முதுகில் உள்ளங்கையால் தட்டினார். நீளமாக விட்டு ஒன்று, அதே போல இன்னொன்று, கடைசியில் சேர்த்து மூன்று. அது அவர் மாட்டைக் கூப்பிடுகிற கணக்கு என்று எனக்குப் புரிவதற்குள் அந்த அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. வெட்கப்பட்டு என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

அந்த அம்மாவின் முதல் கூப்பாடு பாதியில் உடைந்தது. பெரியவர், அப்படி இல்லை என்று தலையாட்டி, மறுபடி முதலிலிருந்து தட்டினார். இரண்டாவது முறை கொஞ்சம் நீண்டது. மரங்களுக்குள் ஒரு மணிச்சத்தமும் இல்லை. கீழே பஸ் ஹாரன் அடித்தது, நான் இறங்க ஆரம்பித்தேன். வளைவில் திரும்பிப் பார்த்தேன். பெரியவர் இன்னும் தட்டிக்கொண்டிருந்தார். அந்த அம்மா முந்தானையை இழுத்து இடுப்பில் செருகி, இரண்டு கையையும் வாயருகே குவித்து, காட்டைப் பார்த்து இன்னொரு தபா கூப்பிட்டார்.