கட்டாத பிராது

கன்னியப்பன் அண்ணன் இன்று காலை விழுப்புரத்தில் இறந்துவிட்டார்.

எண்பதுகளில் திண்டிவனத்தில் நான் நிருபர், அவர் போட்டோகிராபர். இருவருக்கும் ஒரே ஸ்கூட்டர். கேமராவுக்கும் விபூதி வைப்பார். லென்ஸில் பட்டுவிட்டது என்று நான் கத்தினால், "சாமியும் கொஞ்சம் பாக்கட்டும், வுடு தம்பி" என்பார்.

எனக்குச் சாமி நினைப்பு குறைவு. என் மனைவி மல்லிகா மஞ்சள் காமாலையில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வந்தது.

கிளியனூர் பக்கம் ஒரு முனீஸ்வரன் கோயில். குறையைத் தாளில் எழுதிச் சூலத்தில் கட்டுவார்கள். பிராது என்று பெயர். ஒருவர் ஒன்றுதான் கட்டலாம். அது தீர்ந்து, அவிழ்த்த பிறகுதான் அடுத்தது.

மல்லிகாவை விட்டு நகர முடியவில்லை. ஆபீஸ் பேடில் செய்தி எழுதுவதுபோல எழுதினேன்... பெயர், வயது, ஊர், நோய். அண்ணனிடம் கொடுத்தனுப்பினேன்.

சாயங்காலம் வந்தார். "கட்டிட்டேன். அவன் பாத்துக்குவான், தைரியமா இரு" என்றார்.

நம்பினேன். டாக்டர் மெட்ராஸுக்குக் கொண்டுபோகச் சொன்னபோது, இரண்டு நாள் பார்க்கலாம் என்றேன்.

ஐந்தாம் நாள் மல்லிகா போய்விட்டாள்.

காரியம் முடிந்ததும் அந்தத் தாளைக் கிழித்துப்போடக் கோயிலுக்குப் போனேன். எங்கள் ஆபீஸ் தாள் ஒன்றுதான் இருந்தது. பிரித்தால் அண்ணனின் கையெழுத்து. அவர் மகள் கலாவுக்கு டைபாய்டு, பிழைக்க வேண்டும் என்று.

அதே வாரம்தான். என்னிடம் சொல்லவே இல்லை.

போய்க் கேட்டேன். "ரெண்டு தாளையும் கையில வச்சிக்கினு நின்னேன் தம்பி. உன் மூஞ்சியப் பாத்துச் சொல்ல முடியல." பையிலிருந்து என் தாளை எடுத்துக் கொடுத்தார். மடிப்புகூடக் கலையவில்லை.

அதன் பிறகு அந்த ஸ்கூட்டரில் நான் ஏறவில்லை. சாமியைத் திட்டவும் முடியவில்லை. என் தாள் அதனிடம் போகவே இல்லையே...

இன்று போன் செய்தது கலாதான். கடைசி நாட்களில் அவளிடம் எல்லாம் சொல்லியிருக்கிறார்.

"அந்தத் தாளு இருந்தா எடுத்துக்கினு வாங்க சித்தப்பா. அப்பா கையிலயே வச்சி அனுப்பிடலாம். அதத்தான் கேட்டாரு."

வருகிறேன் என்றேன்.

விழுப்புரம் பஸ்ஸுக்கு நிற்கிறேன். தாளை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தேன். இன்னொரு தடவை அதை அவர் கையில் கொடுக்க மனசு வரவில்லை.

போய்ட்டு வாங்கண்ணே.