சாத்தியும் சாத்தாத வான் கதவு

வண்டிக் கதவு வேலை நன்றிகெட்ட வேலை: சரியாகச் செய்தால் ஒருவரும் கவனிக்கமாட்டார்கள், பிழைவிட்டால் மழையே வந்து காட்டிக்கொடுக்கும். ஒழுகும் கதவோடு மல்லுக்கட்டிய எவருக்கும் இது விளங்கும். அப்போது நான் திருகோணமலைத் துறைமுகப் பக்கம் ஒரு கராஜில் தகர வேலை செய்துகொண்டிருந்தேன். புயல் அடித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. மாரி மழை இன்னும் விடவில்லை.

ரப்பர்

ஓர்ஸ் ஹில் பக்கம் செசிலியா அக்காவும் அவர் புருஷன் ஞானப்பிரகாசம் அண்ணையும் ஒரு பழைய வானுக்குள் குடியிருந்தார்கள். கட்டில், குசினி, சின்ன அலுமாரி எல்லாம் உள்ளே வைத்துக் கட்டிய வீட்டு வான். தன் நாட்டுக்குத் திரும்பிய வெள்ளைக்காரர் ஒருவர் மாதா கோயில் வளவில் விட்டுப்போனது. இவர்களுடைய வீட்டைப் புயல் கொண்டுபோனதும் கோயில் பாதர் அதைத் திறந்துவிட்டார். வாசல் கதவைச் சுற்றியிருந்த ரப்பர் பிஸ்கட் மாதிரி நொறுங்கிக் கிடந்தது. மழைத் தண்ணீர் நேரே கட்டிலுக்கு வந்தது.

புது ரப்பர் ஊரில் இல்லை. லொறி டியூப்பை வெட்டி இரண்டு மடிப்பாக ஒட்டினேன். தோளால் இடித்துத்தான் கதவைச் சாத்த முடிந்தது. பெருமையோடு கராஜுக்குப் போனேன். பின்னேரமே ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். செசிலியா அக்கா உள்ளே நின்று ஜன்னலால் சொன்னார்: "மழை உள்ளுக்கு வரேல்லைத்தான் தம்பி. நானும் வெளியில வர ஏலாமல் கிடக்கு."

பேப்பர் துண்டு

டியூப்பை ஒரு மடிப்பாகக் குறைத்தேன், திரும்பவும் ஒழுகியது. கராஜில் எனக்கு மூத்தவரான கிண்ணியா நூர்தீன் நானாவைக் கூட்டிப்போனேன். அவர் பேப்பரைக் கீலம் கீலமாகக் கிழித்து, கதவிடுக்கில் வைத்துச் சாத்தி, ஒவ்வொன்றாக இழுத்தார். மேலே இறுகப் பிடித்தது. கீழ் மூலையில் வழுக்கிக்கொண்டு வந்தது. நான் ரப்பரைத் தடவினேன். அவரோ குனிந்து வண்டிச் சில்லைப் பார்த்தார். பின்சில்லு ஒன்று ஈர மண்ணில் அரை அடி புதைந்திருந்தது. ஜாக்கி வைத்துத் தூக்கிப் பலகை போட்டதும் இடுக்கு பாதியாகக் குறைந்தது. நானா கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "மூணு நாளா கதவோட சண்ட புடிச்சீங்க. கோணி நிண்டது வண்டி தம்பி."

பிணைச்சல்

மீதி இடுக்கு, கதவைச் சட்டத்தோடு பொருத்தும் பிணைச்சல்கள் தேய்ந்ததால். அதற்குக் கதவைக் கழற்ற வேண்டும். மறுநாள் போனால், அண்ணை கைபிடியைப் பிடித்துக்கொண்டு விடாமல் நின்றார். அக்கா என்னை ஒருபக்கம் கூட்டிப்போய்ச் சொன்னார். புயலன்று அண்ணை வீட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். கையிலிருந்தே காற்று அதைப் பிடுங்கிப்போனதாம். பிறகுதான் கூரை போனதாம். இப்போதும் இடுக்கால் காற்று விசிலடித்தால் எழும்பி வந்து பிடித்துக்கொள்கிறாராம். நித்திரையே இல்லையாம்.

நான் கதவைக் கழற்றவில்லை. "அண்ணை, நீங்கள் பிடியுங்கோ. நான் ஒவ்வொண்டாய் மாத்திறன்" என்றேன். மூன்று பிணைச்சல், ஒன்றரை மணித்தியாலம். அவர் பிடித்த பிடியில் கதவு அசையவில்லை. அவசரத்தில் நான் ஒரு திருகாணியைக் கீழே விட்டபோது முதல்தடவையாக என்னோடு கதைத்தார்: "நான் பிடிச்சிருக்கிறன். நீர் ஆறுதலாய்ப் பூட்டும்."

மழை

அடுத்த இரண்டு நாளும் காற்றோடு மழை கொட்டியது. மூன்றாம் நாள் மத்தியானம் பயந்து பயந்து போனேன். கதவில் தட்டக் கையைத் தூக்கினேன். செசிலியா அக்கா ஜன்னலால் தலையை நீட்டி, வாயில் விரலை வைத்தார். "தட்டிப்போடாதையுங்கோ. ரெண்டு இரவும் கதவு விசிலடிக்காததைப் பாத்திட்டு அண்ணை காலமை படுத்தவர், இன்னும் எழும்பேல்லை. உள்ளுக்கு நிலமும் காஞ்சுதான் கிடக்கு."

அத்தனை பாடுபட்டுத் திருத்திய கதவை ஒருமுறை திறந்து மூடிப் பார்க்கக்கூட எனக்குக் கிடைக்கவில்லை.