கடல் இல்லாத ஊரில் ஒரு படகு மோட்டார்

கடல் இல்லாத ஊரில் படகு மோட்டார் ரிப்பேர் செய்கிறவனுக்கு ஸ்பேனர் செட்டுக்கு முன்னால் வேண்டியது, கேலியை வாங்கிக்கொண்டு வேலையைப் பார்க்கிற முகம். பம்ப்செட், கிரைண்டர், மருந்தடிக்கிற மிஷின் என்று அடுத்தவர் சாமானைத் திறந்து பிழைக்கிறவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. நீங்களும் வாங்கியிருப்பீர்கள்.

பலகை

கிரிவல மலைக்குப் பக்கத்தில், வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸைத் தாண்டி என் ஒர்க்‌ஷாப். ஆள் இரண்டு பேர்தான்: நானும் வெல்டர் பாஷா பாயும். நல்ல மழை பெய்து சுற்றுவட்டார ஏரிகள் நிரம்பிய ஒரு வருடம், மீன் குத்தகை எடுத்தவர்கள் படகுக்கு மோட்டார் தேட ஆரம்பித்தார்கள். நான் பாண்டிச்சேரியில் தெரிந்தவர் ஒருவரின் பட்டறையில் பத்து நாள் நின்று கற்றுக்கொண்டு வந்து, 'படகு மோட்டார் பொருத்தித் தரப்படும், பழுது பார்க்கப்படும்' என்று பலகை எழுதி மாட்டினேன்.

முதல் வாரம் வந்தவர்கள் எல்லாரும் பலகையைப் படிக்கத்தான் வந்தார்கள். ஆசிரமம் பக்கம் தங்கியிருந்த வெள்ளைக்காரர் ஒருவர் சைக்கிளை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு போனார். எதிரே ஸ்டாண்டில் இருந்த ஆட்டோக்காரர் மட்டும் உள்ளே வந்து, நான் திறந்து வைத்திருந்த மோட்டாரைச் சுற்றிப் பார்த்துவிட்டு அக்கறையாகக் கேட்டார்: "பௌர்ணமிக்கு ரோட்ல கூட்டம் ஜாஸ்தின்னு மலைய சுத்தறதுக்கு படகு விடப்போறீங்களா அண்ணே?"

தைத்துவைத்த சட்டை

முதல் நிஜ வாடிக்கையாளர் ஏழுமலை. கீழ்பென்னாத்தூருக்கு உள்ளே ஒரு கிராமம். அங்கே ஏரி மீனைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். அவரும் மனைவி மஞ்சுளாவும்தான் வலை போடுகிறவர்கள். போன வருடம் பரிசலில் போனார்கள். பெரிய கட்லா மீனெல்லாம் அக்கரையில் ஆழத்தில். பரிசல் திரும்பி வந்து சேர்வதற்குள் காலை ஏழு மணிக்கு மீன் வேன் போய்விடும். பாதி நாள் மீன் கரையில் வெயில் காய்ந்தது. பங்குனிக்குள் ஏரி வற்றிவிடும், அதற்குள் மீனை எடுத்தாக வேண்டும்.

"இந்த வருஷமும் கோட்டை விட்டா இன்னா பண்ணுவீங்க?" என்று கேட்டேன். அவர் சிரித்த மாதிரியும் இருந்தது, சிரிக்காத மாதிரியும் இருந்தது. "மெட்ராஸ்ல மச்சான் ஒரு அபார்ட்மெண்ட்ல செக்யூரிட்டி வேலை பேசி வெச்சிட்டான் அண்ணே. எங்கிட்ட கேக்காமயே யூனிபாரமும் தச்சிட்டான். எம் பொண்டாட்டிகிட்ட அளவு சட்டை வாங்கினு போயிருக்கான்."

எருமைகளுக்காக

பழைய ஃபைபர் படகு ஒன்றும், கயிறு இழுத்துக் கிளப்புகிற சின்ன பெட்ரோல் மோட்டாரும் பாண்டிச்சேரியிலிருந்து வாங்கிவந்தோம். படகின் பின்பலகை ஊறிப்போயிருந்தது. அதை அறுத்தெடுத்துவிட்டு வேப்பமரப் பலகை வைத்தேன். பாஷா பாய் இரும்புச் சட்டம் அடித்தார். மோட்டாரின் கால் தண்ணீரில் எவ்வளவு இறங்க வேண்டும் என்று நான் நாலு முறை அளந்தேன். ஏழுமலை அதையெல்லாம் கவனிக்கவில்லை. ஹாரன் வேண்டும் என்றார்.

ஏரியில் யாருக்கு ஹாரன் என்றேன். எருமைகள் குறுக்கே நீந்தும் என்றார். பைக் பாட்டரி ஒன்றும் லாரிச் சத்தம் போடுகிற ஹாரன் ஒன்றும் வைத்தோம். ஹாரன் அடித்தால் எருமை ஒதுங்குமா என்று பாய் கேட்டார். ஏழுமலை ஒரு முறை அழுத்திப் பார்த்துத் திருப்தியாகச் சொன்னார்: "அது எங்க பாய் ஒதுங்கும். நாம அடிச்சோம்னு நமக்கு ஒரு ஆறுதல்."

பத்திரமான இடம்

தண்ணீரில் இறக்குவதற்கு முன் படகை மினி லாரியில் ஏற்றி மலையை ஒரு சுற்று கொண்டுவந்தார் ஏழுமலை. கூட நானும் பாயும். பிறகு அவர் வீட்டு வாசலில் பூஜை. புது வண்டி என்றால் சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைக்கலாம். படகுக்குச் சக்கரம் இல்லாததால் லாரி டயருக்கு வைத்து நசுக்கினார்கள். படகுக்கு உள்ளேயும் வெளியேயும் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவினார்கள். உள்ளே நின்ற தண்ணீர் வடிய வேண்டுமே. ஏழுமலை படகின் பின்னடியில் இருக்கும் திருகுமூடியைக் கழற்றி மஞ்சுளா கையில் கொடுத்தார். அதைத் திரும்பப் போட்டார்களா என்று பார்க்க வேண்டியவன் நான். நான் சர்க்கரைப் பொங்கலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏரிக்கரையில் உறவுக்காரர்கள் ஐம்பது பேர். நானும் ஏழுமலையும் ஏறினோம். மோட்டார் முதல் இழுப்பிலேயே கிளம்பியது. கைதட்டினார்கள். முப்பது கெஜம் போயிருப்போம், கால் நனைந்தது. தெறித்த தண்ணீர் என்று நினைத்தேன். அடுத்து, படகுக்குள் போட்டிருந்த மாலை என் முழங்காலுக்குப் பக்கத்தில் மிதந்து வந்தது. மோட்டாரை அணைத்தேன், அன்று நான் செய்த ஒரே சரியான காரியம் அது. பின்பக்கம் அப்படியே அமர்ந்து மோட்டார் முழுகிப்போனது. மார்பளவுத் தண்ணீரில் படகைத் தள்ளிக்கொண்டு கரைக்கு வந்தோம். ஏழுமலை சட்டையைக் கழற்றிப் பிழிந்தார். யூனிபாரத்தைத்தான் நினைத்திருப்பார். நானும் அதைத்தான் நினைத்தேன்.

கரையிலேயே தார்ப்பாய் விரித்து மோட்டாரைத் திறந்தேன். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிக் கவிழ்த்தோம், தண்ணீர் கொட்டியது. கார்பரேட்டரை வடித்தேன். எஞ்சின் ஆயில் பாலாடை நிறத்தில் வந்தது; இரண்டு தடவை மாற்றினேன். பாயும் ஏழுமலையும் மாறிமாறிக் கயிற்றை இழுத்தார்கள். நல்ல தண்ணீர் என்பதால் பிழைத்தோம், உப்புத் தண்ணீராக இருந்தால் கதை வேறு. சாயங்காலம் நாலு மணிக்கு மோட்டார் ஒரு இருமல் இருமி, புகை விட்டு, ஓடியது. அதற்குள் அந்தத் திருகுமூடி, வீட்டுச் சாமி அலமாரியில் மஞ்சள் துணியில் முடிந்து, குங்குமம் வைத்து, விபூதித் தட்டுக்குப் பக்கத்தில் இருந்தது தெரிந்துவிட்டது. எல்லாரும் மஞ்சுளாவைப் பார்த்தார்கள். அவர் புருஷனைப் பார்த்தார். "நீதான பத்திரமா வைன்ன? வெச்சேன். திருப்பிக் கேட்டியா?"

உடைவதற்கென்றே

தண்ணீருக்குள் சுற்றிப் படகைத் தள்ளுகிற மோட்டார் விசிறிக்குள் ஒரு சின்னப் பித்தளை ஊசி உண்டு. விசிறி எதிலாவது மோதினால் ஊசி உடைந்துகொள்ளும், விசிறியும் எஞ்சினும் தப்பிக்கும். எங்கள் ஏரிகளில் தண்ணீருக்கு அடியில் வெட்டாத கருவேலங்கட்டைகள் ஏராளம். வாரத்துக்கு இரண்டு ஊசி போனது. மாற்று ஊசிகள் ஒரு டப்பா நிறையக் கொடுத்திருந்தேன். ஏழுமலைக்கு அது பிடிக்கவில்லை. உடைகிற சாமான் மட்டமான சாமான் என்பது அவர் கொள்கை. ஒரு நாள் எனக்குத் தெரியாமல் கெட்டியான ஆணி ஒன்றை வெட்டி ஊசிக்குப் பதிலாக அடித்துவிட்டார்.

மறுநாள் விடியற்காலை, அந்த வருடத்திலேயே பெரிய மீன்பாடு. படகு நிறையக் கட்லா. திரும்பும்போது கட்டையில் மோதியது. ஆணி உடையவில்லை, விசிறியில் இரண்டு இதழ் உடைந்தது. நடு ஏரி. கரையில் வேன் கிளம்பத் தயாராக நின்றது. ஏழுமலை துடுப்பை எடுத்தார். மஞ்சுளா ஹாரனில் கை வைத்தவர் எடுக்கவே இல்லை. கால் மணி நேரம் லாரிச் சத்தம் ஏரியிலிருந்து வந்துகொண்டே இருந்ததாம். வேன் நின்றது. கடைசி மீன் ஏறுகிறவரை நின்றது. அன்று மத்தியானம் புது விசிறியோடு நான் போனபோது வேன் டிரைவர் என்னிடம் முறையிட்டார்: "பதினஞ்சு வருஷமா வண்டி ஓட்டறேங்க. பின்னால ஹாரன் அடிச்சா வழி விடுவேன், ஏரிக்குள்ளருந்து அடிச்சா எந்தப் பக்கங்க ஒதுங்கறது?"

காவல்

பங்குனிக் கடைசியில் ஏரி சேறானது. அதற்குள் மீன் எல்லாம் கரையேறி வேனும் ஏறிவிட்டது. அடுத்த வருடக் குத்தகைக்கும் ஏழுமலை பெயர் கொடுத்துவிட்டதாக பாய் சொன்னார். மோட்டாரைக் கழற்றி, சுத்தம் செய்து, எண்ணெய் போட்டு எடுத்துவைக்க நான் கிராமத்துக்குப் போனேன். திருகுமூடியைப் படகோடு ஒரு நாய்ச் சங்கிலியில் பூட்டி வைத்திருந்தார்கள். அது மஞ்சுளா செய்த ஏற்பாடு. டப்பாவில் பித்தளை ஊசிகள் பத்திரமாக இருந்தன.

மாட்டுக் கொட்டகையில் மோட்டாரை நிறுத்தினோம். தூசி படாமல் மூட ஏதாவது கொடுங்கள் என்றேன். ஏழுமலை உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்தார். நீல நிறச் சட்டை, பிரிக்காத மடிப்பு, முதுகில் பெரிய எழுத்தில் செக்யூரிட்டி. பொங்கலுக்கு வந்த மச்சான் கையோடு கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனதாம். அதை மோட்டாரின் தலைக்கு மாட்டிக் கழுத்துப் பொத்தானைப் போட்டார். இரண்டு கைகளையும் பின்னால் இழுத்து முடிந்தார். சட்டை கச்சிதமாக இருந்தது. தள்ளி நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "எனக்கு ஏரியில வேலை கீது அண்ணே. மச்சான் தச்சது வீணாப் போவ வேணாம், அடுத்த மழை வரைக்கும் இதுவே டூட்டி பாக்கட்டும்."

இந்தத் தொழிலில் நான் கற்றது இவ்வளவுதான்: படகு நின்றுபோனால் முதலில் பெட்ரோலைப் பார்க்க வேண்டும், அடுத்து சாமி அலமாரியைப் பார்க்க வேண்டும், ஹாரன் அடித்தும் ஒன்றும் நடக்காவிட்டால் மட்டும் மச்சானிடம் அளவு சட்டையைக் கொடுக்கலாம்.