தேவநாதனின் கணுக்கால்

தேவநாதனின் கருமகாரியம் முடிந்த மறுநாளிலிருந்து வசந்தாவுக்குத் தெரிய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். சித்திரை மாதத்தில் அவள் அவன் காலைப் பார்த்து ஒரு நோட்டில் படம் போட்டாள். போட்டதை ரப்பரால் அழித்துவிட்டு வேறு மாதிரி போட்டாள். முதலில் போட்ட கோடு தப்புதான் என்று விஷயம் தெரிந்த ஒருத்தர் சொல்லிவிட்டால் அவளுக்குச் சோறு இறங்கும். சரி என்று சொல்லிவிட்டால், புருஷனைச் சாகவிட்டவள் அவளேதான் என்று ஆகிவிடும்.

ஒரு பென்சில் கோட்டுக்கா இவ்வளவு என்று கேட்பீர்கள். கேட்கலாம். மரக்காணம் உப்பளத்தில் இருபத்திரண்டு வருஷம் கூடை சுமந்தவளுக்குப் பென்சில் எங்கிருந்து வந்தது என்பதையும் சேர்த்தே கேளுங்கள்.

முட்டிதான் ஆரம்பம். உப்பைக் கூடையில் அள்ளி, தலையில் ஏற்றி, வரப்பு வழியே நடந்து மேட்டில் கொட்டுகிற வேலை. நாற்பத்தாறு வயசில் வலது முட்டி தேய்ந்துபோனது. உட்கார்ந்து செய்கிற வேலை ஏதாவது கற்றுக்கொள் என்று திண்டிவனத்தில் கட்டிக்கொடுத்த மகள் ஜெயப்ரியா போனில் நச்சரித்துக்கொண்டே இருந்தாள். அந்தச் சமயத்தில் மகளிர் குழுக் கட்டடத்தில், ஜாக்கெட்டில் ஜரிகையும் மணியும் வைத்துத் தைக்கிற ஆரி வேலைக்கு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு தொடங்கினார்கள். தை மாதம் பதினோரு பெண்கள் பேர் கொடுத்தார்கள். வசந்தா கொடுத்தாள், கூடவே கூடை சுமக்கிற அருக்காணியும் கொடுத்தாள்.

சொல்லிக்கொடுக்க வந்தவள் கூனிமேட்டு ஃபர்சானா. இருபத்து நாலு வயசு, பாண்டிச்சேரியில் ஓவியம் படித்தவள். முதல் நாள் ஊசியும் எடுக்கவில்லை, நூலும் எடுக்கவில்லை. ஆளுக்கு ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்து, காலில் போட்டிருக்கிற செருப்பைக் கழற்றி எதிரே வைக்கச் சொன்னாள்.

“செருப்பப் பாக்கவா வேலையப் போட்டுட்டு வந்தோம்?” என்றாள் அருக்காணி.

“டிசைன் கைக்கு வரணும்னா மொதல்ல கண்ணு பழகணும்க்கா,” என்றாள் ஃபர்சானா. “மூணு நாலு மாசம் பொறுத்துக்குங்க.”

அவள் வைத்த சட்டம் கொஞ்ச நஞ்சமல்ல. செருப்பைத்தான் பார்க்க வேண்டும், நோட்டைப் பார்க்கக் கூடாது. அதன் ஓரம் எப்படி வளைந்து போகிறதோ, அதன் கூடவே பென்சிலும் போக வேண்டும். நடுவில் கையைத் தூக்கக் கூடாது. நிழல் கிழல் எதுவும் வேண்டாம், ஒரே கோடு. ரப்பர் அறவே ஆகாது. முடித்ததும் ஓரத்தில் தேதி எழுத வேண்டும். பெண்கள் சிரித்துச் சிரித்துப் போட்டார்கள். அருக்காணியின் செருப்பு கத்திரிக்காய் ஆனது, இன்னொருத்தியுடையது என்ன என்று அவளுக்கே தெரியவில்லை. வசந்தாவின் நோட்டில் மட்டும் செருப்பு இருந்தது. குதிகால் பக்கம் தேய்ந்திருந்ததுகூட இருந்தது.

இதில் மாயம் ஒன்றும் கிடையாது. தலையில் கூடையோடு வரப்பில் நடக்கிறவள் குனிந்து கால் வைக்கிற இடத்தைப் பார்க்க முடியாது, பார்த்தால் கூடை கவிழ்ந்துவிடும். கண் எதிரே இருக்கும், கால் தானாக வரப்பின் விளிம்பைத் தடவிப் போகும். இருபத்திரண்டு வருஷம் காலால் செய்ததை இப்போது கையால் செய்தாள், அவ்வளவுதான். வசந்தா இதைச் சொல்ல, ஃபர்சானா கேட்டுவிட்டு, “எங்க காலேஜ்ல நாலு வருசம் சொல்லியும் எனக்கு இது வரலக்கா,” என்றாள். வசந்தாவுக்கு அன்றைக்கு வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் முகம் கொள்ளாத சிரிப்பு.

அப்புறம் பித்துப் பிடித்த மாதிரிதான். டீக்கடை பாய்லர், கவிழ்த்து வைத்த உப்புக் கூடைகள், மீன் சட்டியோடு பஸ்ஸுக்கு நிற்கிற பொம்பளை, ரேஷன் கடை வாசலில் படுத்திருக்கிற ஆடு என்று கண்ணில் பட்டதையெல்லாம் போட்டாள். போகிற வருகிறவர்கள் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, உனக்கு என்ன கேடு வந்தது என்று கேட்டார்கள். கேட்கட்டுமே. இத்தனை வயசுக்கு மேல் தனக்கென்று ஒரு சந்தோஷம் வாய்க்கிறது என்றால் யார் விடுவார்கள்?

படம் போட எல்லாரையும்விடத் தோதான ஆள் தேவநாதன்தான். அவனும் அதே உப்பளம், பாத்தியில் இறங்கிப் பலகையால் உப்பு வாருகிறவன். விடிவதற்கு முன்னால் இறங்கினால் பத்தரை மணிக்குக் கரையேறுவான். கொண்டுபோன தண்ணீர் அதற்குள் தீர்ந்திருக்கும். கஞ்சியைக் குடித்துவிட்டு ஓலைக் கொட்டாயில் சாய்ந்தால் அசைய மாட்டான். அவள் காலடியில் நோட்டோடு உட்கார்ந்துகொள்வாள்.

“மூஞ்சிய போடேன், மவராசி. கால போட்டா எவனுக்குத் தெரியும் இது நான்னு?”

“மூஞ்சி போட்டா நீ பல்ல இளிப்ப. கால்தான் சும்மா இருக்குது. ஆட்டாத படுய்யா.”

மாசி, பங்குனி ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபர்சானாவிடம் காட்டியது பாதிக்கு மேல் அந்தக் கால்கள்தான். ஆடுசதையிலிருந்து கோடு இறங்கி, கணுக்காலில் ஒடுங்கி, எலும்பு துருத்துகிற இடத்தில் சின்னதாக ஒரு மேடு ஏறி, குதிகாலுக்குத் திரும்பும். அந்த மேடு வருகிறபோது வசந்தாவுக்குத் தனி ருசி. ஒல்லியான ஆள், எலும்பு நன்றாகவே துருத்தும்.

சித்திரையில் ஒரு நாள் கோடு அப்படிப் போகவில்லை. ஆடுசதையிலிருந்து நேராக இறங்கிக் குதிகாலுக்குப் போய்விட்டது. ஒடுக்கமும் இல்லை, மேடும் இல்லை. வசந்தா நோட்டைப் பார்த்தாள், கை வழுக்கிவிட்டது என்று நினைத்துச் சிரித்தாள். பக்கத்தில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்த அருக்காணி எட்டிப் பார்த்தாள். அவள் சிரிக்கவில்லை.

“இன்னாடி இது, யானைக்கால் மாதிரி போட்டு வெச்சிருக்க? உசிரோட இருக்கிற மனுசன இப்டி போடலாமா? போட்டது பலிச்சிடப் போவுது. அழிடி மொதல்ல.”

வசந்தா நோட்டைச் சட்டென்று மூடினாள். உயிரோடு இருக்கிற ஆளை ஊனமாகப் படம் எழுதக் கூடாது, பேசக் கூடாது என்று கேட்டே வளர்ந்தவள். சாயங்காலம் கடையில் ஒரு ரப்பர் வாங்கினாள். கோட்டை அழித்தாள். பங்குனிப் படத்தை எதிரே வைத்துக்கொண்டு, அதில் இருக்கிற மாதிரியே ஒடுக்கமும் மேடும் வைத்து அழகாகப் போட்டாள். எதிரே படுத்திருந்தவன் காலை அப்போது அவள் பார்க்கவில்லை. அது ஒன்றைத்தான் பார்க்கவில்லை.

அடுத்த வாரமும் கோடு அதே மாதிரி நேராகத்தான் இறங்கியது. அதற்கும் அடுத்த இரண்டு வாரமும். நாலு முறை போட்டாள், நாலு முறை அழித்தாள்.

ஃபர்சானா ஏமாறவில்லை. நோட்டைப் புரட்டிக்கொண்டே வந்தவள் அந்தப் பக்கத்தில் நின்றாள்.

“அக்கா, இது பாத்து போட்டது இல்லையே.”

“பாத்துதான் மிஸ் போட்டேன்.”

“இல்லக்கா. ஞாபகத்துல போட்டிருக்கீங்க. கோடு உசிரில்லாம இருக்குது.”

“அவுரு கால எனக்குத் தெரியாதா? எங்க கல்யாணமாயி இருவத்தஞ்சு வருசம்,” என்றாள் வசந்தா வெடுக்கென்று. ஃபர்சானா நோட்டை மூடிக் கொடுத்துவிட்டாள், வயசில் பெரியவளிடம் எவ்வளவு பேச முடியும். அடுத்த வாரம் ஊசி கைக்கு வந்துவிட்டது. படம் போடுவது அதோடு நின்றது, வசந்தாவுக்கும் அதில் ஒரு நிம்மதி இருந்தது.

ஆனியில் தேவநாதன் செருப்பு கடிக்கிறது என்றான்.

“உப்புத் தண்ணில ஊறி ஊறி வார் சுருங்கிப்போச்சு,” என்றான். உப்பளத்தில் எவனைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வான். அங்கே எல்லார் காலும் வெடித்து, தடித்து, வெந்துதான் கிடக்கும், யார் காலை யார் பார்க்கிறார்கள். அவள் ஒரு சைஸ் பெரிய செருப்பு வாங்கிக் கொடுத்தாள். சரியாக இருக்கிறது என்றான், பேச்சு முடிந்தது.

ஆவணியில் ஒரு காலை அவன் பாத்தியிலேயே வாந்தி எடுத்து உட்கார்ந்துவிட்டான். மூச்சு வாங்கியது. ஆட்டோவில் போட்டுப் பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் ஒரு சின்ன வயசுப் பெண். அவன் கணுக்காலில் கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தாள். விரல் பட்ட இடம் குழியாகவே நின்றது.

“இந்த வீக்கம் எவ்ளோ நாளா இருக்குது?”

“பத்து நாளா இருக்கும்மா,” என்றான் தேவநாதன். அவன் பொய் சொல்லவில்லை, அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

டாக்டர் வசந்தாவைப் பார்த்தாள். வசந்தாவும் ஆமாம் என்று தலையாட்டிவிட்டாள்.

இரண்டு கிட்னியும் போய்விட்டது என்றார்கள். அவனை உள்ளே கொண்டுபோன பிறகு அவள் வராண்டாவில் டாக்டரை மறித்தாள்.

“நாலு மாசம் முன்ன வந்திருந்தா, மேடம்?”

“வீக்கம் அப்பவே இருந்திருந்தா, மாத்திரைலயே கொஞ்சம் இழுத்துப் பிடிச்சிருக்கலாம். ஆனா பத்து நாள்னுதானே சொல்றாரு. நீங்க மனச போட்டுக் குழப்பிக்காதீங்கம்மா.”

அதற்குப் பிறகு எட்டு வாரம். வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். ஜெயப்ரியா வந்து கூட இருந்தாள். வசந்தா அவன் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், கட்டைவிரலால் அந்த எலும்பைத் தேடுவாள். ஒரு நாள் அவன் கண்ணைத் திறந்து, “படம் போடலயா?” என்றான். “நீ எழுந்து வா, போடறேன்,” என்றாள். ஐப்பசி பிறந்த மூன்றாம் நாள், உப்பளம் முழுக்க மழைத் தண்ணீர் நின்றபோது, அவன் போய்விட்டான்.

எல்லாரும் கலைந்த பிறகுதான் அவள் பீரோவிலிருந்து நோட்டை எடுத்தாள். அழுத்திப் போடுகிற கை அவளுக்கு. ரப்பர் கரியைத்தான் எடுத்திருந்தது, பள்ளம் அப்படியே இருந்தது. சாய்த்துப் பிடித்தால், அழகான கணுக்காலுக்கு வெளியே இன்னொரு கோடு நேராக இறங்குவது தெரிந்தது. பக்கத்தில் தேதி, ஏப்ரல் இருபத்தொன்று. அந்தக் கோடு நிஜமா, இல்லை புதுசாகக் கற்றுக்கொண்ட கை செய்த கோளாறா? அவன் பத்து நாள் என்றுதானே சொன்னான். அருக்காணியைக் கேட்டாள். “அத போய் ஏண்டி இப்ப எடுத்துக்கினு,” என்று அவள் அழுதாள். பதில் சொல்லக் கூடியவள் ஒருத்திதான்.

ஃபர்சானாவுக்குச் செய்தி தாமதமாகத்தான் போயிற்று. வசந்தாவின் வீட்டுக்காரர் திடீரென்று முடியாமல் இறந்துவிட்டார் என்று மட்டும் யாரோ சொல்லியிருந்தார்கள். இருபதாம் நாள் மத்தியானம் ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். வசந்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். வசந்தா எழுந்து போய் நோட்டை எடுத்து வந்து அந்தப் பக்கத்தைப் பிரித்துக் கொடுத்தாள்.

காரணத்தை அவள் சொல்லவில்லை. சொன்னால் இந்தப் பெண் பாவம் பார்த்துப் பொய் சொல்லிவிடுவாள், அந்தப் பொய்யைக் கட்டிக்கொண்டு எத்தனை நாள் ஓட்டுவது? உண்மைதான் வேண்டும். ஆனால் உண்மை தப்பு என்றே வரட்டும் என்று, கும்பிடாத சாமியெல்லாம் கும்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“இத பாரு மிஸ். அழிச்சிட்டேன், ஆனா அடியில தெரியுது. அப்ப நான் புதுசு. கை வழுக்கித்தான இப்டி வந்திருக்கும்?”

ஃபர்சானா நோட்டை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். சாய்த்துப் பிடித்து, பள்ளத்தின் மேல் விரலை வைத்து மெதுவாக இறக்கினாள். பங்குனிப் படத்துக்குப் போனாள், திரும்ப வந்தாள். அடுத்தடுத்த வாரத்துப் பக்கங்களையும் அதே மாதிரி சாய்த்துப் பார்த்தாள். வசந்தா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கை வழுக்கலக்கா. வழுக்கினா ஒரு வாட்டி வழுக்கும், நாலு வாரமும் ஒரே எடத்துலயா வழுக்கும்? எங்கயும் நிக்காம, நடுங்காம வந்திருக்குது. எதிர்ல இருந்ததத்தான் போட்டிருக்கீங்க. மேல இருக்கிறதுதான் தப்பு, இத போய் அழிச்சிட்டீங்களே.”

“நல்லா பாத்து சொல்லு.”

“நல்லா பாத்துட்டேன்க்கா. இதுதான் சரி.”

வசந்தா தலையை ஆட்டினாள். சுவரில் சாய்ந்து, வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள். உடம்பு முழுக்கக் குலுங்கியது. புருஷனை நினைத்துத்தான் அழுகிறாள் என்று ஃபர்சானா நினைத்தாள். ஏதாவது நல்ல வார்த்தை சொல்ல வேண்டுமே என்று பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள். அவள் முதுகைத் தடவித் தடவி, “அழாதீங்கக்கா, உங்க கோடு சரியாத்தான் இருக்குது, அவ்ளோ சரியா யாருமே போட்டதில்ல,” என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.