மதர்போர்டுக்குத் தனிக்குடித்தனம்

போன வருஷம் ஐப்பசி மழையில் நடந்தது இது. தண்டையார்பேட்டை டோல்கேட் பக்கத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்து விற்கும் அக்கா ஒருவர், தார்ப்பாய் சுற்றிய சிபியூவை ஆட்டோவிலிருந்து இறக்கினார். அது கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்த அவர் மகனுடையது. மகன் இப்போது கப்பல் வேலையில் இருக்கிறான். இடி இடித்ததில் மதர்போர்டு கருகிவிட்டதாம். உள்ளே இருந்தது மகளின் கல்யாண வீடியோ. கல்யாணம் முடிந்த கொஞ்ச நாளில் அக்காவின் கணவர் தவறிவிட்டார்.

"எங்க வூட்டுக்காரு கொரலு அதுல மட்டும்தான் கீது நைனா. அதுவும் போச்சுன்னா அவ்ளோதான்."

புது மதர்போர்டு மாட்டினேன். ஆனால் வீடியோ இருந்த ஹார்ட் டிஸ்க்குகள் ஒரு தனிக் கார்டு வழியாகத்தான் வேலை செய்யும். கார்டை போர்டின் மேல் ஸ்லாட்டில் செருகினால் திரை இருட்டு. கழற்றினால் ஜம்மென்று வருகிறது. கேபிள் மாற்றினேன், ரேம் மாற்றினேன், செட்டிங் எல்லாவற்றையும் கிண்டினேன். ம்ஹூம். அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து என் மூஞ்சியையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வியர்த்துக் கொட்டியது.

"இன்னா பேஜாரு?"

"மதர்போர்டுக்கும் இந்தக் கார்டுக்கும் ஒத்துப்போகலைக்கா."

"மதர்னா அம்மாதானே? அப்போ இவ மருமவ. மருமவ பழசு, மாமியாரு புச்சு. எப்டி ஒத்துப்போவும்?"

கடையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கொஞ்சம் சும்மா இருங்கக்கா" என்றேன். அவரா இருப்பார்?

"ரெண்டையும் ஒட்ட ஒட்ட வச்சிகினு கீறியே, தள்ளி வை நைனா. எங்க வூட்ல தனி அடுப்பு போட்டப்புறம்தான் சண்டையே நின்னுச்சு."

அவர் வாயை அடைத்தால் போதும் என்று கார்டைப் பிடுங்கித் தள்ளியிருந்த கடைசி ஸ்லாட்டில் செருகினேன். அட, வந்துவிட்டது! மேல் ஸ்லாட்டில் கார்டும் போர்டும் ஒரே பாதைக்கு முட்டிக்கொண்டு நின்றிருக்கின்றன. அதை விளக்க நான் வாயைத் திறப்பதற்குள், "நான் சொல்லல?" என்று அக்கா ரோடு வரைக்கும் கேட்கக் கத்தினார்.

வீடியோவை ஓடவிட்டேன். பந்தியில் உட்கார்ந்திருந்த ஒருவர் நிமிர்ந்து, "ஏய், இன்னும் ரெண்டு துண்டு கறி போடச் சொல்லுடி!" என்று சத்தம் போட்டார். அக்கா ஸ்டூலைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். திரையைப் பார்த்து, "போதும்யா, எத்தினி வாட்டி துன்னுவ" என்றார். சிரித்தார், அப்படியே அழுதுவிட்டார்.

இப்போதெல்லாம் யார் ஹார்ட் டிஸ்க்கைக் கொண்டு வந்து கொடுத்தாலும், அதில் எத்தனை ஜிபி என்று நான் கேட்பதில்லை. உள்ளே யார் இருக்கிறார்கள் என்றுதான் முதலில் கேட்கிறேன்.